கொண்டம்மா ஏரி கோடி போன வெள்ளிக்கிழமை

எங்கள் தெருவில் காலையில் குக்கர் விசில் அடித்தால், அது எந்த வீட்டுக் குக்கர் என்று நான் படுத்த இடத்திலிருந்தே சொல்லிவிடுவேன். பெருமைக்காகச் சொல்லவில்லை, மேடம். சிலருக்குப் பாட்டு வரும், சிலருக்குக் கணக்கு வரும். எனக்கு அடுத்த வீடு வரும்.

நீங்கள் வந்திருப்பது பஞ்சாட்சரத்தைப் பற்றி விசாரிக்க. ஏரியின் நீர்க்கட்டி அவன். மதகைத் திறப்பதும் மூடுவதும் அவன் வேலை. மதகை மூடியது நான் இல்லை, வேண்டுமானால் மீனாக்காவைக் கேளுங்கள் என்று ஸ்டேஷனில் சொல்லியிருக்கிறான். சரியான ஆளைத்தான் கைகாட்டியிருக்கிறான். ரைட்டர் தம்பியை மின்விசிறிக்குக் கீழே உட்காரச் சொல்லுங்கள். கொஞ்சம் நேரமாகும். என் வாயிலிருந்து எதுவும் சுருக்கமாக வந்ததில்லை.

என் பெயர் மீனாம்பாள். ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் லைனில் இருந்தேன். கண் மங்கியதும் வீட்டுக்கு வந்துவிட்டேன். இப்போது முஸம்மில் பாய் ஸ்கூட்டரில் மூட்டை மூட்டையாக ஷூ மேல்பாகம் கொண்டுவந்து போடுவார், கையால் தைத்துக் கொடுப்பேன். என் வீட்டுக்காரர் பெங்களூரில் ஓர் அபார்ட்மெண்டில் காவலுக்கு இருக்கிறார். வீட்டில் பேச ஆள் இல்லாததால் தெருவோடு பேசுகிறேன். கை தோலைத் தைத்துக்கொண்டிருக்கும், கண் தெருவைத் தைத்துக்கொண்டிருக்கும். சம்பத்தின் மகள் யாரோடு பழகுகிறாள் என்று சம்பத்துக்கு முன்பே எனக்குத் தெரியும். கொஞ்சம் விட்டால் அவளுக்கும் முன்பே எனக்குத் தெரிந்திருக்கும்.

இப்படிப்பட்டவளுக்கு ஊரில் என்ன மரியாதை இருக்கும் என்று நீங்கள் நினைக்கலாம். என்னைப் பார்த்தால் பேச்சை நிறுத்துவார்கள். ஆனால் ஒரு சேதி உண்மையா பொய்யா என்று தெரிய வேண்டுமென்றால் என் வாசலுக்குத்தான் வருவார்கள். மீனா சொன்னால் சரியாக இருக்கும் என்பார்கள். என்னிடம் இருந்த சொத்து அது ஒன்றுதான். ஒரு பவுன் சங்கிலியும் உண்டு, அது கவரிங்.

நீங்கள் வெளியூர் என்பதால் ஏரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து போவதற்காகக் கரையின் ஓர் ஓரத்தில் தாழ்வாகக் கல்கட்டு ஒன்று கட்டியிருப்பார்கள். அதைத்தான் நாங்கள் கோடி என்போம். அதன் மேல் தண்ணீர் வழிந்தால் ஏரி கோடி போய்விட்டது என்று அர்த்தம். மதகு வேறு. அது கரையின் நடுவில் இருக்கிறது. வயலுக்குத் தண்ணீர் விட ஓர் இரும்புக் கதவு, அதை ஏற்றி இறக்க மேலே ஒரு திருகு. இவ்வளவு தெரிந்தால் போதும், மிச்சமெல்லாம் மனுஷர்கள்தான்.

கோடியிலிருந்து ஓர் ஓடை கீழே இறங்குகிறது. ஏரி நிரம்பாத வருஷங்களில் அதைப் பார்த்தால் ஓடை என்றே தோன்றாது. அதனால் யாரோ மனை போட்டார்கள், யாரோ வாங்கினார்கள். அதற்குப் பெயர் ஓடைத் தெரு. பெயரை மாற்றக்கூட யாருக்கும் தோன்றவில்லை. அந்தத் தெருவில் முதல் வீடு பூவம்மாளுடையது. கம்பெனியில் எனக்கு அடுத்த மெஷின் அவளுடையது. அவள் வீட்டுக்காரர் தேவசகாயம் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, பிளேட் வைத்து, படுக்கையோடு இருந்தார். மகன் சவுதியில். மருமகள் பிரிசில்லா அதே ஷூ கம்பெனியில் வேலை செய்து மாமனார் மாமியார் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏரி கோடி போனால் எங்கள் ஊரில் ஒரு வழக்கம். பம்பை அடித்து, ஆடு வெட்டி, பொங்கல் வைத்து, பெண்கள் தட்டு எடுத்துப் போய்க் கோடித் தண்ணீரில் மஞ்சள் குங்குமம் விட்டுக் கற்பூரம் காட்டுவார்கள். ஊரே பின்னால் வரும். இதில் முதல் தட்டு யாருடையது என்பதற்குப் பணமோ பதவியோ கணக்கில்லை. ஏரி கோடி போகிறது என்ற சேதியை முதலில் ஊருக்குள் கொண்டுவந்தவள் யாரோ, அவள் வீட்டுத் தட்டுதான் முதல் தட்டு.

இப்போது உங்களுக்கே புரிந்திருக்கும். சேதிக்கென்றே ஒரு மரியாதை வைத்திருக்கிற ஊர், அந்த ஊரில் நான். எனக்கு அந்தத் தட்டு ஒரு தடவைகூடக் கிடைத்ததில்லை. கடைசியாகக் கோடி போனபோது நான் கம்பெனியில் ஓவர்டைம் பார்த்துக்கொண்டிருந்தேன். மாடு ஓட்டிப் போன செல்லம்மாள் பார்த்துவிட்டாள். பார்த்தது மாடு, பெயர் வாங்கியது அவள். பேப்பரில் படம் வந்தது. அதை லேமினேஷன் போட்டு மாட்டியிருக்கிறாள். அவள் வீட்டுக்கு நீங்கள் விசாரணைக்குப் போனால் முதலில் அதைத்தான் காட்டுவாள்.

இந்த வருஷம் கோடியை ரிப்பேர் பார்த்தார்கள். வெள்ளைக்காரன் காலத்துக் கல்கட்டு. பக்கச்சுவர் விரிசல் விட்டு, ஆலஞ்செடி முளைத்து, கையை விட்டால் முழங்கை வரை போகும். சித்திரையில் பூமி பூஜை போட்டார்கள். ஐப்பசியில்தான் சிமெண்ட் வந்தது. வெயிலெல்லாம் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சும்மா நின்ற கான்ட்ராக்டர், மழை தொடங்கியதும் ஓடி ஓடி வேலை பார்த்தார். பழைய பக்கச்சுவரை இடித்துவிட்டுப் புதிதாகக் கான்கிரீட் போட்டார்கள். மதகுத் திருகுக்கும் கிரீஸ் வைத்துச் சரிசெய்தார்கள்.

சனியன் ரேஷன் கடையில் பிடித்தது. வரிசையில் நிற்கிறோம். செல்லம்மாள் எனக்கு முன்னால்.

"இந்த வருசமும் ஏரி கோடி போவாது பாரு," என்றாள். "செவுரு ரிப்பேருன்னு தண்ணியத் தேக்க மாட்டாங்களாம்."

"யாரு சொன்னது உனக்கு?"

"இதுக்கு ஆளு வந்து சொல்லணுமா? போன தபா போனப்ப நீ எங்க இருந்த? கம்பெனில குனிஞ்சினு இருந்த. உனக்கு இன்னா தெரியும் கோடி சேதி? நீ புருசன் பொண்டாட்டி சண்டைய மட்டும் பாத்துக்கோ."

வரிசையே சிரித்தது. எடை போடுகிறவன்கூடத் தராசை விட்டுவிட்டுச் சிரித்தான். நான் சொன்னேன்: "வர்ற வெள்ளிக்கெழம கோடி போவும். போவலன்னா என் பேரு மீனா இல்ல."

இதற்கு ஆதாரம் என்ன என்று கேட்காதீர்கள். நாக்கில் வந்தது, வந்துவிட்டது. ஆனால் ஒரு விசேஷம் பாருங்கள். வீட்டுக்கு வந்து அரிசியைக் கொட்டி வைப்பதற்குள் அதை நானே நம்பிவிட்டேன். வேறு யாரோ நம்பகமான ஆள் எனக்குச் சொன்ன மாதிரி இருந்தது. தெரு வாட்ஸப் குரூப்பில் குரல் பதிவு போட்டேன். முஸம்மில் பாய் மூட்டை இறக்கும்போது அவருக்கும் சொன்னேன். "வெள்ளிக்கெழமன்னா ஜும்மா முடிச்சினு நானும் வந்து பாக்குறேன் மீனாம்மா," என்றார். மறுநாளே பம்பைக்காரர்களுக்கு அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது. ஆடு பிடித்தாகிவிட்டது. மீனா சொல்லிவிட்டாள் என்று ஊரில் ஆளாளுக்குச் சொன்னார்கள். ஒரு பச்சைப் பட்டு எடுத்தேன். பட்டு என்றால் பட்டு மாதிரி.

அப்புறம்தான் ஏ.இ. நவநீதன் சார் என் வாசலில் வண்டியை நிறுத்தினார். ரிப்பேர் வேலையைப் பார்த்துக்கொள்கிற சின்ன வயசு இன்ஜினியர். தங்கமான பையன், டீ கொடுத்தால் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போவான்.

"அம்மா, வெள்ளிக்கிழமை ஏரி கோடி போகும்னு ஊருக்குள்ள யாரோ கிளப்பி விட்டிருக்காங்களாம். போகாதும்மா. போக விடவும் கூடாது. உங்ககிட்ட சொன்னா நாலு பேருக்குப் போய்ச் சேரும்னு வந்தேன்."

"யாரு சார் அப்டி சொன்னது?" என்று கேட்டேன். விடை தெரிந்துகொண்டே கேட்ட கேள்விகள் என் வாழ்க்கையில் நிறைய உண்டு.

அவர் பொறுமையாகச் சொன்னார். "அந்தப் புதுச் சுவர் மேலதாம்மா காஞ்ச மாதிரி தெரியும். உள்ள பச்சையா இருக்கும். பழைய கல்லோட அது ஒட்டிப் பிடிக்கிற வரைக்கும் தண்ணி அதுமேல சாயக் கூடாது. அதுக்குத்தான் மதகைத் திறந்தே வச்சிருக்கோம். தெளிஞ்ச தண்ணியா கசிஞ்சா பயமில்ல. கலங்கலா வந்தா உள்ள மண்ணு கரையுதுன்னு அர்த்தம். அப்புறம் ஓடைத் தெருவே மிஞ்சாது."

ஆகவே, எனக்கு விவரம் தெரியாது, படிக்காதவள் என்று எழுதிவிடாதீர்கள். ஷூவுக்கு சோல் ஒட்டியவுடன் காலை விட்டு நடந்தால் வாயைப் பிளக்கும் என்று எனக்குத் தெரியும். பசையின் குணத்தைக் கம்பெனியில் பாதி ஆயுசு பார்த்தவள். அவர் சொன்னது ஒவ்வொன்றும் புரிந்தது. நாலு பேரிடம் சொல்லச் சொன்னார். நான் சொல்லவில்லை. ஒரு சேதியை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை. பழகாத பழக்கம் இல்லையா, அன்றைக்குத் தைத்ததை இரண்டு தடவை பிரித்துத் தைத்தேன்.

வியாழக்கிழமை தூறல். பக்கத்து ஏரி ஒன்றில் கரை இறங்குகிறது என்று நவநீதன் சாரை அங்கே கூப்பிட்டுக்கொண்டார்கள். மதியத்துக்கு முன் பஞ்சாட்சரம் என்னிடம் வந்தான். வெளுத்த சட்டை போட்டிருந்தான், தலைக்கு எண்ணெய் வைத்திருந்தான்.

"அக்கா, எம் பொண்ணு பூங்குழலி வளைகாப்புக்கு வர்றா. ஜோலார்பேட்டைல எறங்குறா. வயித்தோட கீறா, பொட்டி தூக்க ஆளு இல்ல. போய் இட்டுனு வந்துடறேன். மதகு திறந்துதான் கீது. ஒரு கண்ணு பாத்துக்கோ."

"நீ போப்பா. புள்ளத்தாச்சிய நிக்க வெக்காத."

"உன் ஒரு கண்ணு எங்க ஊட்டு ஆளுங்க எல்லாரு கண்ணுக்கும் சமம்," என்று சிரித்துவிட்டுப் போனான். பாராட்டு மாதிரிதான் இருந்தது.

மதகுத் திருகைச் சுற்றும் கைப்பிடியை அவன் கழற்றி, கரையோரம் இருக்கிற கொண்டம்மா கோயிலில் அம்மனுக்குப் பின்னால் வைப்பான். அங்கே கை வைக்க யாருக்கும் துணிச்சல் வராது என்று அவன் எண்ணம். கோயிலைப் பெருக்குகிறவள் நான். வேலைக்காரர்கள் தார்ப்பாய்க்குக் கீழே சோறு தின்றுகொண்டிருந்தார்கள். நான் குடையைப் பிடித்துக்கொண்டு, முந்தானையில் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டு, பட்டப்பகலில் கரைமேல் நடந்து போனேன். என்னை எங்கே போகிறாய் என்று ஊரில் யாரும் கேட்பதில்லை. கேட்டால் பதில் நீளமாக வரும் என்று பயம். கிரீஸ் புதிதாக வைத்திருந்ததால் திருகு தையல் மெஷின் சக்கரம் மாதிரி சுற்றியது. அரசாங்கத்து ரிப்பேரில் நன்றாக நடந்த வேலை அது ஒன்றுதான் என்று அப்போதே தோன்றியது. கதவு இறங்கி உட்கார்ந்தது. கைப்பிடியை அம்மனுக்குப் பின்னால் வைத்தேன், ஒரு கும்பிடு போட்டேன், வந்துவிட்டேன். கையில் இருந்த கிரீஸை யாரும் கவனிக்கவில்லை. எங்கள் ஊரில் எந்தப் பெண்ணின் கையும் சுத்தமாக இருந்ததில்லை. சொல்யூஷனும் சாயமும் எப்போதும் ஒட்டிக்கொண்டிருக்கும்.

ஒருநாள் மட்டும்தான். கோடி போனதும், கற்பூரம் காட்டியதும், மறுபடி திறந்துவிடுவதாக இருந்தேன். இதை அடிக்கோடிட்டு எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். ஊரை அழிக்க வேண்டும் என்று கிளம்பியவள் இல்லை நான்.

சாயங்காலம் பஞ்சாட்சரம் போன் செய்தான். மழையில் பஸ் கிடைக்காமல் மகளோடு நனைந்து இப்போதுதான் வந்தோம் என்றான். மதகு எப்படி இருக்கிறது என்று கேட்டான். "திறந்துதான் கீது, நீ போய் பொண்ணுக்குத் தலைய துவட்டி உடு," என்றேன். சரி அக்கா என்று வைத்துவிட்டான்.

அதற்குப் பிறகு பிரிசில்லா வந்தாள். கம்பெனி வேனிலிருந்து இறங்கியவள் வீட்டுக்குக்கூடப் போகவில்லை, கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கிக்கொண்டிருந்தது.

"அத்தை, மலைல மழ ஜாஸ்தியாம். வேன்ல எல்லாம் அதான் பேச்சு. மாமாவ நெனச்சாதான் பேஜாரா கீது. அவரத் தூக்கினு ஓட முடியாது. இப்பவே ஸ்கூலுக்கு இட்டுனு போய்டலாமான்னு பாக்கறேன். ஆட்டோக்குச் சொல்லிட்டேன். நீங்க இன்னா சொல்றீங்க?"

அவள் மாமனாரை நகர்த்துவது லேசான காரியம் இல்லை. ஒவ்வொரு தடவையும் அவர் வலியில் கத்துவது எங்கள் தெரு வரை கேட்கும். அதனால் சும்மா நகர்த்த அவளுக்கு மனமில்லை. நகர்த்தாமல் இருக்கவும் பயம். ஒரு நல்ல வார்த்தைக்காகத்தான் வந்து நின்றாள். நான் அப்போது நினைத்ததை அப்படியே சொல்கிறேன். இவள் கிளம்பினால் ஓடைத் தெருவே கிளம்பும். தெரு கிளம்பினால் நவநீதன் சாருக்குப் போன் போகும். அவர் வந்தால் முதலில் மதகைப் பார்ப்பார். பார்த்தால் எனக்கு வெள்ளிக்கிழமை இல்லை.

"மதகு திறந்து கீது. என் கண்ணால பாத்துட்டு வர்றேன். வயசான மனுசன ஏன் தொல்ல பண்ற? படுக்க உடு," என்றேன்.

"நீங்க பாத்தீங்கன்னா சரி அத்தை." அங்கேயே நின்று ஆட்டோக்காரருக்குப் போன் போட்டு வேண்டாம் என்று சொன்னாள். அவள் முகத்தில் பாரம் இறங்கியது தெரிந்தது. ஒரு பெண்ணை நிம்மதியாக வீட்டுக்கு அனுப்பினோம் என்று எனக்கும் நிறைவாகத்தான் இருந்தது. அவளுக்கு ஒரு கிண்ணம் ரசம்கூடக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது மழை விட்டிருந்தது. ஏரி நிரம்பிக் கோடிக்குச் சமமாக நின்றது, விரல் வைத்தால் வழியும் போல. நான்தான் முதலில் ஊருக்குள் போய்ச் சொன்னேன். வீடு வீடாகக் கதவைத் தட்டினேன். ஓடைத் தெருவில் ஒரு வீட்டைக்கூட விடவில்லை. வாருங்கள், வந்து பாருங்கள் என்று எல்லாரையும் கூப்பிட்டேன். செல்லம்மாள் கதவை மட்டும் கொஞ்சம் பலமாகத் தட்டினேன்.

பஞ்சாட்சரம் வெளுத்துப்போய் மதகுப் பக்கம் ஓடினான். தண்ணீர் இப்படி ஏறுமா, ஏறுமா என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டே போனான். பம்பைச் சத்தத்தில் அவனை யாரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். எதையும் கவனிக்காமல் என்னால் இருக்க முடியாது.

பூவம்மாள் கரையேறி வந்தாள். பிரிசில்லா ஷிப்டுக்குப் போய்விட்டாள். "நாள் குறிச்சி ஏரிய வர வெச்சிட்டியேடி," என்று பூவம்மாள் என் கன்னத்தைக் கிள்ளினாள். "கலெக்டரம்மா மாதிரி கீற."

"இன்னும் வழியல. கொஞ்சம் இரு, பாத்துட்டுப் போ."

"அவரு தனியா கீறாரு. அந்தப் பொங்கல ரெண்டு கரண்டி குடு, சூட்டோட ஊட்டிட்டு ஓடியாந்துடறேன். கர்த்தர் கேட்டா மீனாதான் குடுத்தான்னு உன்மேல சொல்லிடுவேன்."

இருவரும் சிரித்தோம். என் தூக்குச்சட்டியில் பொங்கலைப் போட்டுக் கொடுத்தேன். அவள் கோடிப் பக்கத்துச் சரிவில் இறங்கினாள். அவளைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போதுதான் புதுச் சுவரின் காலடி என் கண்ணில் பட்டது. பழைய கல்லும் புதுக் கான்கிரீட்டும் சேருகிற இடத்தில் ஒரு நாக்கு மாதிரி தண்ணீர் நீட்டிக்கொண்டிருந்தது. முதலில் தெளிவாக இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே டீ நிறத்துக்கு மாறியது.

எனக்குக் குரல் உண்டு, மேடம். மூன்று தெருவுக்குக் கேட்கும். அதற்காகத்தான் என்னை வைவார்கள். பூவம்மாள் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தாள். ஆனால் கூப்பிட்டிருந்தால் எல்லாரும் ஓடியிருப்பார்கள், தட்டு அப்படியே நின்றிருக்கும். கற்பூரம் காட்ட எவ்வளவு நேரம் ஆகப்போகிறது? காட்டிவிட்டுக் கூப்பிடலாம் என்று நினைத்தேன். தீக்குச்சியைக் கிழித்தேன். காற்றில் அணைந்தது. இன்னொன்று கிழித்தேன். அதுவும் அணைந்தது. பிறகு செல்லம்மாளே சேலையை விரித்துக் காற்றுக்கு மறைப்புப் பிடித்தாள். அந்த ஒன்றை மட்டும் அவளைப் பற்றி நல்லதாகச் சொல்வேன். கற்பூரம் பற்றிக்கொண்டது.

சுவர் போன சத்தம் நீங்கள் நினைக்கிற அளவுக்குப் பெரிதில்லை. லாரியிலிருந்து ஜல்லி கொட்டுகிற மாதிரிதான். அதற்குப் பின்னால் வந்த தண்ணீருக்குத்தான் சத்தம் இருந்தது.

ஓடைத் தெருவில் பாதிக்கு மேல் வீடுகள் இல்லை. ஆனால் வீட்டில் இருக்க வேண்டியவர்கள் எல்லாரும் கரைமேல் நின்றுகொண்டிருந்தார்கள். ஏன் நின்றார்கள்? நான் கூப்பிட்டதால். இதை ஊரில் ஒருவர்கூடச் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். நான் வீடு வீடாகப் போய்த் தட்டாமல் இருந்திருந்தால் எத்தனை உயிர் போயிருக்கும் என்று யாரும் யோசித்துப் பார்க்கவில்லை. போனது இரண்டு பேர். தேவசகாயம் கட்டிலோடு. பூவம்மாளை வயலுக்கு அப்பால் கருவேல முள்ளில் எடுத்தார்கள். தூக்கை விடாமல் பிடித்திருந்தாளாம். தூக்கு என்னுடையது. நான் திருப்பிக் கேட்கவில்லை.

மதகு மூடியிருந்தது என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. பஞ்சாட்சரம்தான் மூடினான் என்று நான் ஒருபோதும் சொல்லவில்லை. முந்தின நாள் மத்தியானம் அவன் எங்கே போயிருந்தான் என்று மட்டும் கேட்டேன். ஜோலார்பேட்டை என்றார்கள். ஓகோ, ஜோலார்பேட்டையா என்றேன். அவ்வளவுதான். குடித்துவிட்டு வந்து தவறாகத் திருகினான் என்பதை ஊர் தானாகவே சேர்த்துக்கொண்டது. நான் இல்லாமலேயே எங்கள் ஊர்க்காரர்கள் இவ்வளவு முன்னேறிவிட்டார்களே என்று கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

பிரிசில்லா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அழவில்லை. "அத்தை, நீங்க பாத்தப்ப திறந்துதான இருந்துச்சு," என்றாள். "அதுக்கு அப்புறம்தான் எவனோ மூடிட்டான். உங்க மேல தப்பு இல்ல. நீங்க மனசு உட்டுடாதீங்க." என் கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தாள். ஆமாம்மா என்றேன்.

இப்போது நீங்கள் கேட்காத கேள்விக்கு வருகிறேன். பஞ்சாட்சரத்துக்குச் சாதகமாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாம், அல்லது சொல்லாமல் இருக்கலாம். இரண்டுக்கும் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. பிறகு ஏன் இதையெல்லாம் கொட்டுகிறேன்? ஸ்டேஷன் வாசலில் பூங்குழலி வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து மனம் இளகிவிட்டது என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். எனக்கும் ஆசைதான். ஆனால் பொய் சேதி கொடுத்து எனக்குப் பழக்கமில்லை.

நேற்று ரேஷன் கடை வரிசையில் செல்லம்மாள் சொல்லியிருக்கிறாள்: "மீனா சொன்ன சேதி மொதல் தபா பொய்யாப் போச்சு பாத்தியா. ஏரி எங்க கோடி போச்சு? குடிகாரன் ஒருத்தன் கைய வெச்சான், உடைஞ்சிது. அவ்ளோதான். இவ சும்மா கற்பூரத்த வெச்சினு நின்னா."

அதைக் கேட்டுவிட்டு எனக்குச் சோறு இறங்கவில்லை. பூவம்மாள் போன அன்றுகூடக் கொஞ்சம் சாப்பிட்டேன்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். மதகை மூடியது நான். தெரிந்துதான் மூடினேன். சுவர் பச்சையாக இருப்பதை நவநீதன் சார் எனக்குச் சொல்லியிருந்தார். பஞ்சாட்சரம் என்னை நம்பி விட்டுவிட்டுப் போனான், அவன் ஒரு சொட்டுக் குடிக்கவில்லை. கிளம்ப இருந்த பிரிசில்லாவை நிறுத்தி வைத்தது நான். கலங்கல் தண்ணீரைப் பார்த்தும் பூவம்மாளைக் கூப்பிடாமல் இருந்தது நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், தமிழில் போடுவேன்.

ஆனால் ஒரு விஷயத்தில் செல்லம்மாள் சொல்வது தப்பு, அதைத் திருத்தி எழுத வேண்டும். சுவர் உடைந்தது பிறகுதான். அதற்கு முன்பே ஏரி கோடி போய்விட்டது. நான் கற்பூரம் ஏற்றும்போது கல்கட்டின் மேல் விரல் பருமனுக்கு ஒரு வழிசல் பளபளவென்று இறங்கியது. எல்லாரும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அதனால் யாரும் பார்க்கவில்லை. அந்தச் சரிவு வழியாக இறங்கியவள் பூவம்மாள் ஒருத்திதான். அவள் நன்றாகப் பார்த்திருப்பாள், மேடம். அவள் மட்டும் இப்போது இருந்தால் எனக்குச் சாட்சி சொல்லியிருப்பாள்.